டிரெக்டர் சின்னையா வீட்டுப் பத்திரிகை

அந்தக் கல்யாணப் பத்திரிகையை எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் தப்பு என் கையெழுத்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிள்ளானை ஒட்டிய எங்கள் பண்டமாரானில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சின்னையா அண்ணன் எனக்கு அடுத்த வீடு. பந்திங் ரோட்டுப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் டிரெக்டர் ஓட்டியவர். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது, ஆட்கள் காப்பார், மேரு, ஷா ஆலம் என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். அண்ணன் பண்டமாரானுக்கு வந்தார். தான் ஓட்டிய டிரெக்டரையே ஏலத்தில் எடுத்து, அதிலேயே பானை சட்டி, கட்டில், சாமிப் படம், மனைவி மாரியாயி, மகள் இந்திரா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். லோரி பிடித்து வீடு மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி வந்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் துறைமுகத்தில் கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. எழுதத் தெரிந்தவன் என்று ஒருமுறை பேர் எடுத்துவிட்டால் போதும், எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிற அத்தனை கடுதாசியும் நம் தலையில்தான் வந்து விழும்.

1986-ல் இந்திராவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் கோயில் மண்டபம். பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது மாரியாயி அக்காதான் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"தம்பி, வெறும் சின்னையான்னு போட்டா தோட்டத்து ஆளுங்களுக்கு வெளங்காது. மண்டோர் சின்னையா இருக்காரு, ஆட்டுக்காரச் சின்னையா இருக்காரு. எந்தச் சின்னையா மகளுக்குன்னு நெனைப்பாங்க?"

நியாயமான பேச்சு. தோட்டத்தில் யாரும் டிராக்டர் என்று சொல்லமாட்டார்கள், டிரெக்டர்தான். அதனால் வாயில் வருகிறபடியே, 'டிரெக்டர் சின்னையா – மாரியாயி தம்பதியரின் மகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பிரிக்பீல்ட்ஸில் அச்சடித்தார்கள். அச்சுக் கோத்தவர் படித்தவர் போலிருக்கிறது. எனக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லை என்று நினைத்துத் திருத்திவிட்டார். பத்திரிகை 'டைரக்டர் சின்னையா' என்று வந்தது.

அடிப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்ல ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். இந்திராவுக்கு சுங்கை வே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் பகல் ஷிப்ட். எனக்குக் கப்பல். அண்ணன்தான் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்து, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். நானூறு பத்திரிகை. நல்ல கெட்டி அட்டை, தலையில் பிள்ளையார், ஓரத்தில் தங்கக் கோடு. அக்கா நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி வைத்தார். இந்திரா தன் பேரையும் தேதியையும் மட்டும் பார்த்தாளாம்.

எனக்கும் ஒன்று வந்தது. படித்தேன், பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டில் அவர்களாகத்தான் மாற்றிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் பங்குத் தப்பு இவ்வளவுதான். கொஞ்சம் கூட இருக்கலாம்.

அறுபது பத்திரிகை போயிருக்கும். மாப்பிள்ளையின் தாயார் சீதாலெட்சுமி அம்மாள் பங்சாரில் ஒரு பெரிய உறவுக்காரரிடம் நீட்ட, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சம்பந்தி எந்தக் கம்பெனியில டைரக்டர்?" என்று கேட்டாராம். அந்த அம்மாள் நேராக டாக்சி பிடித்துப் பண்டமாரான் வந்துவிட்டார். நானும் அப்போது அண்ணன் வீட்டில்தான் இருந்தேன்.

"அச்சகத்துலதான் தப்பா போட்டுட்டான். நீங்க பாக்கலையா?" என்று கேட்டார். கோபம் இருந்தது, ஆனால் சமாதானமாகப் போய்விடலாம் என்கிற கேள்விதான் அது. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

அண்ணன், "பாத்தேங்க" என்றார்.

"பாத்துட்டுமா விட்டீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  அந்த அம்மாள், பொய்யை அச்சடித்துக் கொடுக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளைக்கு இந்திரா போன் செய்தாள். "அம்மா சொல்றபடி" என்றாராம். அதோடு நின்றது.

மூன்று வாரம் அந்த வீட்டில் பேச்சே கிடையாது. இந்திரா ஷிப்டுக்குப் போவாள், வருவாள், அப்பாவிடம் "சோறு இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டாள். அண்ணன் காலையில் எழுந்து டிரெக்டரைத் துடைப்பார். வேலை இல்லாத டிரெக்டரை எத்தனை தடவைதான் துடைப்பது? சிவப்புச் சாயம் வாங்கி அதன் உடம்பு முழுக்க அடித்தார். மிச்சம் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பத்திரிகையை அக்கா மஞ்சள் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்திருந்தார். பிள்ளையாரும் மஞ்சளும் இருக்கிறதை எரிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது.

இந்த நிலைமையில்தான் ஒரு வியாழக்கிழமை சீன முதலாளி ஆ லெக் தவுக்கே வந்தார். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தில் கடை வைத்திருந்தவர். ஆ லெக் நம்மைவிட நன்றாகத் தமிழில் வைவார். துறைமுகத்து ரோட்டோரங்களில் புல் வெட்டும் குத்தகை அவருக்குக் கிடைத்திருந்தது, இரண்டு வருஷத்துக்கு. நாலு டிரெக்டர் தேவை, மூன்று சேர்ந்துவிட்டது.

"பாடி அழகா இருக்கு சின்னையா. நல்லா அடிச்சிருக்க. ஆனா வீலப் பாரு லா. குப்பை வாளி மாதிரி இருக்கு."

"துரு, தவுக்கே. தேய்ச்சு சில்வர் அடிச்சிடுறேன்."

"அடி. ஆனா டயர் மேல படக் கூடாது. திங்கக்கிழமை காலையில இஞ்சினியர் வராரு. போன தடவ ஒருத்தன் டயரு, ரிம்மு எல்லாத்தையும் சேத்து அடிச்சிட்டு வந்தான். அவரு இஞ்சின்கூட ஸ்டார்ட் பண்ணச் சொல்லல. வீலையே ஒழுங்கா செய்யாதவன் ரோட்டுல என்ன செய்வான்னு திருப்பி அனுப்பிட்டாரு. டயரக் கழட்டிட்டு அடி, சுத்தமா வரும்."

"கழட்ட முடியாது தவுக்கே."

"ஏன்?"

"பின் டயரு ரெண்டுலயும் கனத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கு. பதினஞ்சு வருஷமா ரிம்மோட பிடிச்சுக் கெடக்கு. கிள்ளான் டயர்க் கடைக்காரன் பாத்துட்டுக் கைய விரிச்சிட்டான். இழுத்தா கிழிஞ்சிடும்னான். கிழிஞ்சா வேற டயருக்கு நான் எங்க போறது?"

ஆ லெக் ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "அப்ப உன் சாமர்த்தியம். திங்கக்கிழமை சரியா இல்லன்னா காப்பார்க்காரன் ஒருத்தன் ரெடியா இருக்கான். மனசுல வச்சிக்காத."

அவர் போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, இது கெடைக்கலன்னா வண்டிய பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துட்டு எங்கயாச்சும் ஜாகா வேலைக்குப் போயிடுவேன். ஃபேக்டரி கேட்டுல உக்காந்து காருக்கு சல்யூட் அடிக்கிறது. அது ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா எனக்கு வராது."

வெள்ளிக்கிழமை முழுக்கக் கம்பிப் பிரஷ்ஷும் உப்புத்தாளுமாகத் தேய்த்தார். நானும் வேலை முடிந்து வந்து தேய்த்தேன். தும்மினால் சிவப்பாக வந்தது. சனிக்கிழமை நான் ஒரு யோசனை சொன்னேன். டயருக்கு கிரீஸ் தடவிவிட்டால் சாயம் படிந்தாலும் ஒட்டாது, கடைசியில் துணியால் துடைத்துவிடலாம். பெரிய மூளைக்காரன் மாதிரிதான் சொன்னேன். டயர் நாலுக்கும் கிரீஸ் தடவி, ரிம்முக்குத் துருவைப் பிடிக்கும் சிவப்பு அடிச்சாயம் அடிக்க ஆரம்பித்தோம். பன்னிரண்டு மணி வெயில் ஏறியதும் கிரீஸ் உருகி ரிம்முக்கு வழிந்தது. எண்ணெய் பட்ட இரும்பில் சாயம் எப்படி நிற்கும்? மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மத்தியானம் பூராவும் தின்னர் ஊற்றித் துடைத்தோம். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு பேப்பரும் டேப்பும். வெயிலில் வெந்த பழைய ரப்பரில் டேப் ஒட்டமாட்டேன் என்றது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாரியாயி அக்கா காலையிலேயே கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்தார். இது சாதாரண நாள், வேறொன்றுமில்லை என்று அவர் எல்லாருக்கும் தெரிவித்த விதம் அது. இந்திரா கல்யாணத்துக்கென்று போட்டிருந்த லீவு புதன்கிழமை வரைக்கும் இருந்தது. ஃபேக்டரியில் போய் அதை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டு, அப்பா பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை உள்ளே போகவில்லை.

"தடிப்பா இருக்குண்ணே," என்றேன்.

"காத்தக் கொஞ்சம் எறக்கிட்டேன் தம்பி. லீவர் வச்சு அமுக்கினா டயரு ரிம்ம விட்டுக் கொஞ்சம் வெலகுது, ஒரு நகம் அளவுக்கு. அதுல போற மாதிரி வேணும். பேப்பர்னா மடங்கிடுது. இதுன்னா போகல. மெலிசாவும் இருக்கணும், வெறப்பாவும் இருக்கணும். கை அகலம் போதும். நூறு, நூத்தம்பது வேணும். அப்படி எங்க கெடைக்கும், ஞாயித்துக்கெழமை கடையும் இல்ல."

இந்திரா கோப்பி மங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணி மூட்டை.

அண்ணன் பார்த்தார். கையிலிருந்த லீவரைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம் ஆயி."

"மெலிசா, வெறப்பா, கை அகலம்," என்றாள் இந்திரா. "முந்நூத்தி நாப்பது இருக்கு."

குசினியிலிருந்து அக்கா ஓடி வந்தார். "ஏய், உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? சாமி படம் போட்டது. மஞ்ச தடவினது. அதக் கொண்டாந்து டயருல சொருகுவியா? இன்னைக்குப் போயி?"

"வேற என்ன செய்யறதும்மா? அலமாரி மேலயே வச்சிக்கிட்டு தெனம் அண்ணாந்து பாக்கறதா?" அவள் குரல் உயரவில்லை. "பிள்ளையார வெட்டி எடுத்துடலாம். கோயில்ல ஐயர்கிட்ட குடுத்துடலாம். மிச்சம் வெறும் அட்ட."

அவள் கத்தரிக்கோலை எடுத்து முதல் பத்திரிகையைப் பிடித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கத்தரிக்கோலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"நீ வெட்டாத. கட்டிக்கப் போறவ கையால வெட்டக் கூடாது. நான் வெட்டுறேன்."

படியில் கால் நீட்டி உட்கார்ந்து அக்கா ஒவ்வொன்றாக வெட்டினார். பிள்ளையார் ஒரு மங்கில் விழுந்தார். மிச்சம் இந்திராவின் மடியில் விழுந்தது. பத்து வெட்டுவதற்குள் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபதுக்கு மேல் மூக்கைச் சிந்திக்கொண்டு, கத்தரிக்கோல் மழுங்கல் என்று திட்ட ஆரம்பித்தார். ஐம்பதில் கை வேகம் பிடித்துவிட்டது.

அண்ணன் லீவரால் டயரை அமுக்கினார், இந்திரா அட்டையைச் செருகினாள். அத்தாப்புக் கூரை வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி வரிசையாக. முதல் சக்கரம் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. கறுப்பு டயரைச் சுற்றி வெள்ளையாகப் பத்திரிகைகள் நீட்டிக்கொண்டு நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் 'அன்புடையீர்' என்று இருந்தது.

இரண்டாவது சக்கரத்தில் இருக்கும்போது ஒரு லோரி வந்து ஹார்ன் அடித்தது. பந்தல் போடுகிற வாசு. பின்னால் இரும்புக் குழாய், மடித்த கூடாரத் துணி, முப்பது நாற்காலி.

"லேட்டாயிடுச்சுக்கா. மண்டபம் போறதுக்குள்ள போட்டுடறேன்னு சொன்னேன், லோரி வழியில நின்னுடுச்சு. எல்லாரும் கெளம்பிட்டாங்களா?" என்று இறங்கியவன், சாயமும் அழுக்குமாக நின்ற கல்யாணப் பெண்ணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

வாசுவுக்குத் தகவல் சொல்ல எல்லாருமே மறந்துவிட்டோம். மண்டபத்துக்குச் சொன்னோம், மேளத்துக்குச் சொன்னோம், பூக்காரிக்குச் சொன்னோம். வீட்டு வாசலுக்கும் பந்தல் சொல்லியிருந்தது யாருக்கும் நினைவில்லை.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன், "வாசு, அது வந்து..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றார்.

இந்திரா வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "வாசு அண்ணே, கல்யாணம் இல்ல. ஆனா பந்தல் போடுங்க. பின்னாடி, இந்த டிரெக்டர் மேல போடுங்க. மழ வரும் போல இருக்கு."

வாசு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். கேள்வி கேட்காமல் குழாயை இறக்க ஆரம்பித்தான். நல்ல பிள்ளை. சரிகை ஓரம் தொங்கும் பந்தல், அண்ணனுடைய டிரெக்டருக்கு மேலே ஏறி நின்றது. நாற்காலி மட்டும் வேண்டாமென்றோம். அவனோ ஏற்றி இறக்கச் சோம்பல்பட்டு நாலை விட்டுவிட்டுப் போனான்.

பந்தலைப் பார்த்துவிட்டு உள்ளே போன அக்கா, கருவாட்டுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்தார்.

"ஏன்க்கா?" என்றேன்.

"பந்தல் போட்டாச்சு. பந்தலுக்குக் கீழ கருவாடு திங்கறதா?" பருப்பைப் போட்டார். கத்தரிக்காய் நறுக்கினார். அப்பளம்கூடப் பொரித்தார்.

அடிச்சாயம் முடியும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அது காய வேண்டும், அதற்கு மேல் சில்வர். சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மழை கொட்டியது. கிள்ளான் மழைக்கு மரியாதை தெரியாது, பக்கவாட்டில் வரும். ஆனால் பந்தல் தாங்கியது. ஒரு சொட்டு சக்கரத்தில் விழவில்லை. நான் ஒரு மூலையில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு இருந்தேன். அண்ணனும் மகளும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, அட்டை அட்டையாக, 'டைரக்டர் சின்னையா'.

"அப்பா," என்றாள் இந்திரா. "ஏன் பாத்துட்டும் சும்மா இருந்தீங்க?"

மூன்று வாரமாக அந்த வீட்டில் கேட்கப்படாத கேள்வி. நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். மழையில் எங்கே போவது?

அண்ணன் கையிலிருந்த சாயத்தைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு அச்சகத்துக்குப் போனேன். கவுன்டர்ல நின்னேன். பத்திரிக்க பாக்க வந்தேன்னேன். யாருன்னாங்க. சின்னையான்னேன். உள்ள இருந்த ஆளு பேப்பரப் பாத்துட்டு எந்திரிச்சிட்டாரு. 'டைரக்டர் சாரா? வாங்க சார், உக்காருங்க'ன்னு நாக்காலியத் தொடைச்சிப் போட்டாரு. கோப்பி வரச் சொன்னாரு. ஃபேன என் பக்கம் திருப்பி வச்சாரு."

மழை சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"தோட்டத்து ஆபீசுல இருவத்திரெண்டு வருசம் சம்பளம் வாங்கியிருக்கேன். ஒரு நாள் உள்ள உக்காந்தது இல்ல. ஜன்னலுக்கு வெளிய நின்னு வாங்கறதுதான். அன்னைக்கு உக்காந்தேன். கோப்பி குடிச்சேன். பேப்பரக் காட்டினாங்க. பாத்தேன். தப்புன்னு தெரிஞ்சிச்சு. சொல்லணும்னு வாயத் தொறந்தேன். சொன்னா எந்திரிக்கணுமேன்னு தோணிச்சு."

அண்ணன் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"கோப்பி முடிச்சிட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். முடிச்சேன். சொல்லல. பஸ்ஸுல வரும்போதும் நெனச்சேன், நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னு. அதுவும் செய்யல. உன் கல்யாணத்த நான் ஒரு கோப்பிக்கு வித்துட்டேன் ஆயி."

அவர் அழவில்லை. நான்தான் சுருட்டுப் புகை கண்ணில் பட்டுவிட்ட மாதிரி திரும்பிக்கொண்டேன்.

 இந்திரா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இத மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிச் சொல்றது?"

"இப்ப சொன்ன மாதிரி." அவள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. "அவரு அம்மா சொல்றபடின்னாரு பாருங்க, அது கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? எனக்கு அவரு மேல கோவம். உங்க மேலயும் கோவம்தான். ஆனா ரெண்டும் ஒரே கோவம் இல்ல." எழுந்து சில்வர் டின்னைத் திறந்தாள். "காஞ்சிடுச்சு. வாங்க, இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

ஆளுக்கொரு பிரஷ் எடுத்தோம். அக்காகூட முன் சக்கரம் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். நட்டு இடுக்குகளுக்கெல்லாம் இந்திரா சின்னப் பிரஷ் வைத்திருந்தாள். ஃபேக்டரியில் குண்டூசித் தலை அளவு கம்பியைப் பற்றவைக்கிற கை அது, நடுங்காது. சாயம் கொஞ்சம் இழுத்துக்கொண்டதும் அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினோம். அண்ணன் முதல் அட்டையை உருவும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அட்டை வந்தது. அந்த இடத்தில் சில்வர் முடிந்து கறுப்பு ஆரம்பித்தது. நடுவில் ஒரு மயிரிழை பிசகில்லை.

"கண்ணுக்கு மை எழுதின மாதிரி இருக்கு," என்றார் அக்கா. மூன்று வாரத்தில் அவர் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை துறைமுக ரோட்டில் நாலு டிரெக்டர் வரிசையாக நின்றன. நான் எட்டு மணிக் கப்பலுக்குப் போகிற வழி, நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இந்திராவும் என்னோடு பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். நகத்தில் இன்னும் சில்வர் இருந்தது.

இஞ்சினியர் பெயர் சோமசுந்தரம். நெற்றியில் திருநீறு, கையில் எழுதுகிற அட்டை, அதிகம் பேசாத மனிதர். முதல் மூன்று டிரெக்டரைப் பார்த்துவிட்டு அண்ணனுடையதற்கு வந்தார். இஞ்சினைக் கேட்டார். பிரேக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து பின் சக்கரத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"டயரக் கழட்டி அடிச்சீங்களா?"

"இல்லிங்க சார். கழட்டினா கிழிஞ்சிடும்."

"அப்புறம் எப்படி இவ்ளோ நீட்டா?"

அண்ணன் தயங்கினார். இந்திரா முன்னால் வந்தாள். "கல்யாணப் பத்திரிக்கைய சொருகிட்டு அடிச்சோம் சார்."

"யாரு கல்யாணம்?"

"என்னோடதுதான். நின்னு போச்சு."

இஞ்சினியர் அவளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.  எழுதுகிற அட்டையில் ஒரு கடுதாசியைச் செருகி, பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"சின்னையா."

அடையாளக் கார்டு நம்பரைப் பார்த்து எழுதினார். "தொழில்?"

ஆ லெக் சட்டென்று உள்ளே புகுந்தார். "டைரக்டர் சார். சொந்த வண்டி, சொந்தக் கம்பெனி. கல்யாணக் கார்டுலகூட அப்படித்தான் போட்டிருந்துச்சு." பிறகு அண்ணன் பக்கம் சாய்ந்து, "டிரைவர்னு போட்டா கூலிக் கணக்குல எழுதிடுவாரு. சும்மா இரு லா," என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆ லெக் கெட்டவர் இல்லை.

இஞ்சினியரின் பேனா கடுதாசி மேலே இறங்கியது.

"இல்லிங்க சார்," என்றார் அண்ணன்.

அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து டிரெக்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டைரக்டர் இல்ல. டிரெக்டர். நான் டிரெக்டர் ஓட்டறவன். வண்டி என்னோடது, நானே ஓட்டறேன். அப்படியே எழுதிக்கங்க."

ஆ லெக் தலையில் கை வைத்துக்கொண்டார். இஞ்சினியர் அண்ணனைப் பார்த்தார். அவர் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"ஓனர், டிரைவர். ரெண்டும் போடறேன். ரேட்டு ஓனருக்கு உள்ளதுதான், அதுல மாத்தம் இல்ல. நாளைக்கு ஏழு மணிக்கு நார்த் போர்ட் கேட்டுலேருந்து ஆரம்பிக்கணும். சரியா?" எழுதி முடித்து, அட்டையைத் திருப்பிப் பேனாவோடு நீட்டினார். "இங்க சைன் பண்ணுங்க."

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. அட்டையை மகளிடம் கொடுத்தார்.

"நீ பாரும்மா. எல்லாம் சரியா இருக்கான்னு."

இந்திரா வாங்கினாள். இஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. பெயர், நம்பர், தொழில், வண்டி, தேதி என்று சில்வர் நகத்தை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து, மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்குப்பா," என்றாள்.

அதற்கப்புறம்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.